மாமியார் வளைவுக்கு முன்னால்

மார்ச் 7, சனி

பிழை: அக்காவின் பலகையிலிருந்து கழற்றிய நான்கு புஷ்களிலும் மார்க்கரால் எழுதியிருந்த எழுத்துகள் அழிந்துவிட்டன. அழித்தது நான்தான்.

இந்த நோட்டின் வடிவம் என்னுடையது அல்ல. மாலை வகுப்பில் தரச்சோதனை படிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஆறு முதல் எட்டு வரை. தினமும் ஒரு பிழை, அதன் காரணம், நாளைய வேலை, இந்த மூன்றையும் எழுதியாக வேண்டும் என்பது ஆசிரியையின் உத்தரவு. பிழையே நடக்காத நாளில் என்ன செய்வது என்று முதல் வகுப்பில் ஒருவர் கேட்டார். "நடக்கலைன்னு நினைச்சீங்கல்ல, அதையே எழுதுங்க" என்றார் ஆசிரியை. எனக்கு அந்தச் சிக்கல் இதுவரை வந்ததில்லை.

அக்காவின் ஸ்கேட்போர்டு பலகை நீளமானது, விறைப்பானது. ஏறி நின்று குதித்தாலும் நடுவில் துளி வளையாது. கடைத்தெருவில் சொகுசாக உருண்டு போக வளையும் பலகை போதும். சரிவில் வேகமாக இறங்குவதற்கு இதுதான் வேண்டும். தரையில் என்ன இருக்கிறதோ அது ஒளிவுமறைவில்லாமல் பாதத்துக்கு வந்துவிடும். அடியில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு டிரக்குகள். ஒவ்வொன்றிலும் ரப்பர் போன்ற இரண்டு வளையங்கள். அவைதான் புஷ். பலகை எவ்வளவு சாயலாம், எவ்வளவு திரும்பலாம் என்பது அவற்றின் கையில். அக்கா முன்னால் இளகியதும் பின்னால் கெட்டியானதும் போடுவாள். முன்பக்கம் திரும்ப வேண்டும், பின்பக்கம் அடங்கிப் போக வேண்டும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேன் நிறம். அதனால்தான் 'மு' என்றும் 'பி' என்றும் எழுதி வைத்திருந்தேன்.

பகலில் பல் கட்டும் கூடத்தில் எனக்கு வேலை. மாவு கலந்து தாடை அச்சு வார்ப்பது. அங்கே மெழுகு கரைக்க வைத்திருக்கும் திரவத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, புஷ்களை அதில் ஊறப் போட்டேன். அழுக்கோடு எழுத்தும் போய்விட்டது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். ஊறியதில் நான்குமே இளகியதுபோல் இருந்தன. நல்லவேளையாக எடுத்த வரிசையிலேயே செய்தித்தாளில் வைத்திருந்தேன். அந்த வரிசைப்படியே மாட்டிவிட்டேன். இடையில் தட்டு வைக்க இடமில்லை என்று அம்மா அந்தச் செய்தித்தாளை மேசையிலிருந்து ஜன்னல் திட்டுக்கு நகர்த்தியிருந்தாள். வரிசை கலையவில்லை.

காரணம்: கவனக்குறைவு.

நாளைய வேலை: அழியாத மார்க்கர் ஒன்று வாங்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தண்ணீர்த்தொட்டிக்குப் போகும் சாலை ஞாயிறு காலைகளில் வண்டிகளுக்கு மூடியிருக்கும். மேலிருந்து ஐந்து வளைவு. முதலாவதற்குப் பெயர் சும்மா. இரண்டாவது சோப்பு, எப்போதும் ஈரம். மூன்றாவது மாமியார், எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று கடைசிவரை தெரியாது. சோப்புக்கும் மாமியாருக்கும் நடுவில் நீண்ட நேர்ச்சரிவு. வேகம் எல்லாம் அங்கேதான் ஏறும்.

நான் மாமியாரின் வெளிப்புறத்தில் எச்சரிக்கைக் கொடியோடு நின்றேன். என்னோடு பிரேக் நின்றான். அவன் குழாய் பழுது பார்ப்பவன். வளைவு வருவதற்கு ஒரு பர்லாங்கு முன்னாலேயே பலகையைக் குறுக்கே வழுக்கி ஸ்லைடு போட்டு நிறுத்திவிடுவான் என்பதால் அந்தப் பெயர். அக்காவை மகாராணி என்பான். என்னை ரிஜிஸ்டர் என்பான்.

அக்கா சோப்பைத் தாண்டி வந்தாள். குனிந்து, கைகளைப் பின்னால் கட்டி, எப்போதும்போல். பாதிச் சரிவில் பலகை இடதும் வலதுமாக ஆடத் தொடங்கியது. முதலில் சிறிதாக, பிறகு வாலைப் பிடித்து யாரோ உலுக்குவதுபோல். அக்கா எழுந்து ஸ்லைடுக்குத் திருப்பப் பார்த்தாள். பலகை அவளுக்குக் கீழிருந்து போய்விட்டது. கையுறையின் உள்ளங்கையில் இருக்கும் தடித்த வில்லை தரையில் உரசி ஒரு கோடு போட்டது. அதற்கப்புறம் கை மடங்கியது. தலைக்கவசம் விரிசல் விட்டிருக்கிறது. தலைக்கு ஒன்றுமில்லை.

மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னாள்: "நான் பயந்துட்டேன்டி. காலை இறுக்கிட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டம் வந்தால் பலகையைக் கேட்க மாட்டார்கள், காலைக் கேட்பார்கள். பயந்தவன் பின்காலில் எடையைப் போடுவான், பின்காலில் எடை போனால் ஆட்டம் வரும். பிரேக் நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்: "விடு மகாராணி, நாங்கல்லாம் தினமும் பயப்படறோம். உனக்கு இன்னிக்குத்தான் முறை வந்திருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பிழை: ஒன்றும் சொல்லவில்லை.

காரணம்: இன்னும் தெரியாது. புஷ் சரியாகவே இருக்கலாம்.

நாளைய வேலை: அக்காவின் சலூனுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

சலூன்காரம்மா, கத்தரி பிடிக்க முடியாவிட்டால் முன்மேசையில் உட்காரச் சொல்லுங்கள் என்றார். அக்கா அதைக் கேட்டு, "இனிமே நான் முடி வெட்டறவ இல்ல, வர்றவங்களை உக்காரச் சொல்றவ" என்றாள். தன் கையின் மாவுக்கட்டை மருத்துவர் நன்றாகப் போட்டிருக்கிறாரா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். "நீதானே நம்ம வீட்டு மாவு நிபுணர்." பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு காற்றுக்குமிழி. சொல்லவில்லை.

வகுப்பில் ஆசிரியை சனிக்கிழமைப் பக்கத்தைப் படித்து, 'கவனக்குறைவு' என்பதைச் சிவப்பில் அடித்து, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "இது காரணம் அல்ல, மன்னிப்பு. எந்த நேரத்தில், எந்தக் கை, என்ன செய்தது?"

திரும்பி வரும் வழியில் மார்க்கர் வாங்கினேன்.

பிழை: அச்சுகளில் ஒருவருடைய மேல்தாடைக்கு இன்னொருவருடைய கீழ்தாடையைச் சேர்த்துவிட்டேன். கடிக்க வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. தெரிந்துகொள்ள அங்கே ஒரு வழி இருக்கிறது.

நாளைய வேலை: பலகையைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

நான்கு நாளாகப் பலகையைப் பார்க்கவில்லை. அது வீட்டுக் கூடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அம்மா அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டாள்.

இன்று ஆசிரியையின் கேள்விக்குப் பதில் எழுத முயன்றேன். மாட்டும்போது நான் ஒரு சரிபார்ப்புத் தாள் வைத்திருப்பேன். சக்கரம், பேரிங், நடு போல்ட், முன் புஷ், பின் புஷ், நட்டு. ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக். அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் பலகையைத் தூக்குவாள். சனிக்கிழமை புஷ்கள் ஊறிக்கொண்டிருந்தபோது எனக்கு வேலையில்லை. பென்சில் கையில் இருந்தது. ஆறு டிக்கையும் அப்போதே போட்டுவிட்டேன்.

மாட்டுவதற்கு முன்பே.

பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அம்மா நகர்த்திய செய்தித்தாளில் தலைப்பு எந்தப் பக்கம் இருந்தது? மேசையில் என்னை நோக்கி இருந்தது. ஜன்னல் திட்டில் சுவரை நோக்கி இருந்ததாக ஞாபகம். அப்படியானால் வரிசை கலையவில்லை, திரும்பிவிட்டது. ஆனால் இது ஞாபகம்தான். என் ஞாபகத்தை நான் எப்போதும் நம்புவதில்லை, வசதியான நேரம் தவிர.

அக்கா இடது கையால் சாப்பிடுகிறாள். சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிடுகிறாள். இன்று பொத்தான் போடும்போது கேட்டாள்: "ஏன்டி, நான் வயசாயிட்டேனா?"

"இருபத்தேழுதான் ஆச்சு."

"அது இல்ல. எட்டு வருஷமா அந்தச் சரிவுல இறங்கறேன். ஒரு தடவைகூட காலு இறுகினதில்ல. எந்த இடத்துல பயந்தேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், அந்த இடமே கிடைக்க மாட்டேங்குது. பயந்ததுகூடத் தெரியாம பயந்திருக்கேன் பாரு."

கடைசிப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். அவிழ்த்து மறுபடி போட்டேன்.

நாளைய வேலை: அக்காவிடம் கேட்காமல் பலகையை எடுக்க வேண்டும். கேட்டால் ஏன் என்பாள்.

மார்ச் 14, சனி

காலை ஆறு மணிக்கு, அக்கா தூங்கும்போது, பலகையைத் தண்ணீர்த்தொட்டிச் சாலையின் அடிவாரத்துக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை வண்டிகள் வரும் என்பதால் மேலே போக முடியாது. கடைசி வளைவுக்குக் கீழே, தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம், முந்நூறு அடி சரிவு இருக்கிறது. எனக்கு அதுவே அதிகம். வளைந்து வளைந்து இறங்க எனக்கு வரும், ஸ்லைடு வராது. பலகையைக் குறுக்கே தள்ளிச் சக்கரங்களை வழுக்க விட வேண்டிய நேரத்தில் என் கால் யோசிக்கத் தொடங்கிவிடும்.

கழற்றிப் பார்க்காமல் முதலில் ஓட்டினேன். கழற்றிப் பார்த்துவிட்டால் அதற்கேற்ப ஆட்டம் இருப்பதுபோல் எனக்குத் தோன்றிவிடும் என்று பயம். இது முறையான சோதனைதானா என்று இப்போதும் சந்தேகம்.

முதல் இறக்கம்: வலது பக்கம் சாய்ந்தேன். பலகை திரும்பியது, ஆனால் முன்பக்கம் அல்ல, பின்பக்கம் முதலில் திரும்பியது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது பின்னால் இருப்பவர் வழியைத் தீர்மானிப்பதுபோல. பாதி தூரத்தில் வளைவதை நிறுத்தி நேராக விட்டேன். ஐந்து விநாடி அமைதி. பிறகு பின் பாதத்துக்கு அடியில் ஒரு சின்ன உதறல். அது போய்விடும் என்று நினைத்தேன். அடுத்த உதறல் இரண்டு மடங்கு. விறைப்பான பலகை எதையும் விழுங்காது, முழங்கால்வரை வந்தது. நான் புல்லுக்குள் குதித்து ஓடினேன். பலகை தடுப்புக் கம்பியில் மோதி நின்றது.

இரண்டாம், மூன்றாம் இறக்கம்: அதே இடம், அதே உதறல்.

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து இரண்டு டிரக்கையும் பிரித்தேன். ஒரு வாரத்தில் புஷ்கள் காய்ந்து பழைய பதத்துக்கு வந்திருந்தன. நகம் உடனே சொன்னது. கெட்டி முன்னால். இளகியது பின்னால்.

மாற்றி மாட்டினேன். நான்காம் இறக்கம்: பலகை என் தோள் போன இடத்துக்கெல்லாம் போனது. நேராக விட்டபோது இரும்புப் பாளம்போல் சும்மா இருந்தது. கடைசியில் குனிந்து, கையுறையைத் தரையில் வைத்து, குதிகாலால் பலகையைத் தள்ளினேன். சக்கரங்கள் கிறீச்சிட்டு நான்கு அடி வழுக்கின. என் வாழ்க்கையின் முதல் ஸ்லைடு. யாரிடமும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா எழுந்து வாசலில் நின்றாள். பலகையைப் பார்த்தாள்.

"ஓட்டினியா?"

"கொஞ்சம்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். நான்காம் இறக்கத்தைப் பற்றி அது உண்மைதான்.

அவள் தலையாட்டினாள். "பலகை நல்ல பலகைதான்" என்றாள்.

பிழை: இது.

நாளைய வேலை: சொல்ல வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

எட்டு நாளாக 'நாளைய வேலை: சொல்ல வேண்டும்' என்றே எழுதியிருக்கிறேன். ஆசிரியை வெள்ளிக்கிழமை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பலகை சரியாகிவிட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை, சொன்னால் அம்மா செய்தித்தாளை நகர்த்தியதும் வெளியே வரும், அம்மா அழுவாள் என்று எனக்கு நானே பல நியாயங்கள் எழுதிப் பார்த்தேன். எல்லாம் நல்ல கையெழுத்தில் இருக்கின்றன.

நேற்று அக்கா பலகையைப் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டாள். "கதவுக்குப் பின்னால நின்னு என்னையே பார்க்குது. நீயாவது ஓட்டு."

இன்று அவன் அதில் இறங்குவதைப் பார்க்க அக்காவும் வந்தாள். கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டபடி, மாமியார் வளைவில், என் பக்கத்தில் நின்றாள். பிரேக் சோப்பைத் தாண்டி நேர்ச்சரிவுக்கு வந்தான். வழக்கமாக ஸ்லைடு போடும் இடத்தைத் தாண்டியும் போடவில்லை. பலகை அசையவே இல்லை. வளைவுக்குள் நுழையும்போதுதான் கையை ஊன்றினான், நீளமாக வழுக்கி, எங்களுக்கு இரண்டு கை தூரத்தில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"மகாராணி! இது என்ன பலகை! தண்டவாளத்துல போற மாதிரி போகுது. நானே பிரேக் போட மறந்துட்டேன்னா பாத்துக்கோ!"

"நல்லா போகுதுல்ல" என்றாள் அக்கா.

"ஆட்டம் கீட்டம் ஒண்ணும் கிடையாது. அன்னிக்கு உனக்கு என்னதான் ஆச்சு?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அக்கா தன் காலைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"காலுதான்" என்றாள். "பலகையில ஒண்ணும் இல்லன்னு இப்ப தெரிஞ்சுபோச்சே."

நான் சரிசெய்ததுதான் அவளுக்கு எதிரான சாட்சியாக நின்றது. நான் கொடியைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பழைய தலைக்கவசத்தையும் நல்ல கையுறையையும் ஒரு பையில் போட்டு, வேண்டாத துணிகளோடு வைத்தாள்.

நாளைய வேலை: சொல்ல வேண்டும். வகுப்புக்குப் போகக் கூடாது.

மார்ச் 23, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ஆறு மணிக்குச் சலூன் வாசலில் நின்றேன். அக்கா முன்மேசையைத் துடைத்துவிட்டு வந்தாள்.

"என்னடி, இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

"உன் காலு இல்லக்கா. புஷ்ஷை மாத்தி மாட்டிட்டேன். முன்னாடிது பின்னாடி, பின்னாடிது முன்னாடி."

ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நடந்து வரும்போதே பழகியிருந்தேன். சொன்னபின் அடுத்து என்ன என்று பழகவில்லை. அக்கா சலூன் படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே முடி உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பத் தெரியும்?"

"பதினாலாம் தேதி. சந்தேகம், நீ விழுந்த அன்னிக்கே."

"நேத்து பிரேக் ஓட்டினப்ப?"

"நான் சரி பண்ணி வெச்சிருந்தேன்."

"நான் அங்க நின்னு, என் காலுதான்னு சொன்னப்ப?"

"தெரியும்."

அவள் இடது கையை நீட்டினாள். என் பையிலிருந்த நோட்டைத்தான் கேட்கிறாள். கொடுத்தேன். ஏழாம் தேதிப் பக்கத்தை எடுத்து, மடியில் வைத்து, ஒற்றை விரலால் வரி வரியாகப் படித்தாள்.

"நாளைய வேலை, அழியாத மார்க்கர் ஒன்று வாங்க வேண்டும்" என்று வாய்விட்டுப் படித்தாள். "வாங்கினியா?"

"திங்கக்கிழமை வாங்கினேன்."

அக்கா சிரித்தாள். மோசமான சிரிப்பு. வாசலைத் தாண்டிய ஒரு வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்தார்.

"நான் கையை உடைச்சுட்டுப் படுத்திருக்கேன், மேடம் மறுநாள் போய் மார்க்கர் வாங்கியிருக்காங்க. உன் வேலை சுத்தம்டி."

பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தை அவள் அடைந்தபோது சிரிப்பு நின்றது. ஊறும்போதே டிக் போட்டதை இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டை மூடினாள்.

"மேல முதல் தள்ளுலயே தெரிஞ்சுச்சு எனக்கு" என்றாள். "பின்னால யாரோ கால வெச்சுத் திருப்பற மாதிரி. நின்னு பார்க்கலாம்னுகூட நினைச்சேன். அப்புறம் உன் தாள் ஞாபகம் வந்துச்சு. ஆறு டிக். ரிஜிஸ்டர் டிக் போட்டா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் பயம்னு முடிவு பண்ணிட்டேன்." இடது கையால் முழங்காலைத் தட்டினாள். "காலு சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் அதை ரெண்டு வாரமா திட்டிட்டு இருந்தேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மா செய்தித்தாளைத் திருப்பியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மாவை இதுல இழுத்தே, கொன்னுடுவேன்" என்றாள். "அவங்க தட்டு வெச்சாங்க. டிக் வெச்சது நீ."

வீட்டுக்கு நடந்தோம். பழக்கத்தில் அவளுடைய பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. மருந்துக்கடை முனையில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், நாளை என்ன செய்ய வேண்டும் என்று சொன்னாள். சொன்னபடியே எழுதுகிறேன். அவள் அந்தப் பலகையில் இனி ஏறுவாளா, என் கை பட்டதில் ஏறுவாளா என்பதை அவள் சொல்லவில்லை.

பிழை: பதினாறு நாள்.

காரணம்: என் கைதான், பென்சில் பிடித்த கை. அதற்கப்புறம் வாய்.

நாளைய வேலை: காலை ஆறரை மணிக்குப் பிரேக் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா ஏன் விழுந்தாள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகே பலகையைக் கேட்க வேண்டும். ஏழரைக்குள் அதை அக்காவின் முன்னால் வைத்து, நான்கு புஷ்களையும் கழற்றி, கலந்து, மேசையில் போட வேண்டும். அவள் இடது கை நகத்தால் பார்த்து, தானே மாட்டுவாள். நான் பலகையை ஆடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பென்சில் எடுத்துப் போகக் கூடாது.